வாத்துக்குத் தைத்த கழுத்துப்பட்டை

நான் ஒரு வாத்துக்குக் கழுத்துப்பட்டை தைத்தவன். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது கௌரவம். நல்ல தோலில், இரட்டைத் தையல் போட்டு, பித்தளை வளையம் வைத்து, கழுத்தை உரசாமல் இருக்க உள்பக்கம் பழைய பனியன் துணி கொடுத்துத் தைத்தேன். கட்டைவிரலில் ஊசி ஏறி ரத்தம் வந்தது. வாத்தின் கழுத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன். பட்டையை மாட்டிவிட்டு நாம் நிமிர்வதற்குள் அது தலையைக் குனியும். பட்டை தரையில் கிடக்கும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது பிடித்தது. அப்போது நான் பள்ளியில் கணக்கில் முதல் மாணவன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் வயதுக்காரர்கள் சின்ன வயதைப் பற்றி எழுதும்போது பார்க்கிறேன். ஒருவர் வெள்ளத்தில் நீந்தியிருக்கிறார். ஒருவர் பாம்பைப் பிடித்திருக்கிறார். எழுபது வயதுக்கு மேல் நாம் எல்லாருமே சின்ன வயதில் வீரர்கள்தான். என்னால் அப்படி எழுத முடியாது. சாட்சி உயிரோடு இருக்கிறாள். அடுத்த அறையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருக்கிறாள். என் அத்தை மகள். என்னைவிட ஒரு வயது இளையவள், ஒரு சாண் உயரமானவள். அந்த வாத்துக் காலத்தில் அவள்தான் எனக்கு முதல் எதிரி. பிற்பாடு அவளையே கட்டிக்கொண்டேன். அது தனி முட்டாள்தனம், அதை எழுதத் தாள் போதாது. இன்று வாத்து மட்டும்.

சைகோனில் நாங்கள் இருந்தது மசூதி இருக்கும் டோங் டு தெருவுக்குப் பின்னால், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. வாசல் குறுகல், உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளம். வாடகையை மிச்சம் பிடிக்க இரண்டு குடும்பம் ஒரே வீட்டில். தெருப்பக்கம் நாங்கள், கொல்லைப்பக்கம் அத்தை வீட்டார். நடுவில் எல்லை ஒரு மர அலமாரி. அதன் கதவு எங்கள் பக்கம் திறக்கும். அவர்கள் பக்கம் வெறும் பலகை.

"எங்களுக்கு முதுகைக் காட்டியே வச்சிருக்காங்க" என்று அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. அத்தையின் புருஷன், எனக்கு மாமா, சிறைச்சாலையில் காவலர். அப்பா துவானில், அதாவது சுங்க இலாகாவில், குமாஸ்தா. இருவருக்கும் ஆகாது. அப்பா காரைக்காலில் இருக்கும்போதே நம் வழக்கச் சட்டம் வேண்டாமென்று எழுதிக்கொடுத்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறினவர். அதன்பின் கால்சட்டை, தொப்பி, மேஜை, முள்கரண்டி. எதைக் கேட்டாலும் "செ லா லுவா" என்பார். சட்டம் அப்படி, என்று அர்த்தம். மழை பெய்தாலும் செ லா லுவாதான். மாமா மாறவில்லை. அப்பா முள்கரண்டியோடு மல்லுக்கட்டும் நேரம் பார்த்து மாமா அலமாரிக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ரசத்தை வேண்டுமென்றே தெருவுக்குக் கேட்கிற மாதிரி உறிஞ்சுவார்.

கொல்லை மட்டும் இரண்டு வீட்டுக்கும் பொது. சிமெண்டுத் தரை, ஆள் உயரத் தண்ணீர் ஜாடிகள், இரண்டு அடுப்பு, இரண்டு கரிக்கூடை, சந்துக்குத் திறக்கும் ஒரு பின்கதவு. சாயங்கால மழை முடிந்ததும் அங்கே ஈரக் கரியும் மீன் சாறும் பக்கத்து வீட்டு மல்லிகையும் கலந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனை இன்று எங்காவது வந்தால் எனக்கு மனம் நெகிழாது, காது விறைக்கும். ஏனென்றால் அடுத்து சண்டை வரும்.

அம்மாவும் அத்தையும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. பாத்திரங்களிடம் பேசுவார்கள். அம்மா தண்ணீர் ஜாடியைப் பார்த்துச் சொல்வாள்:

"நேத்து முட்ட முட்ட இருந்த கரி இன்னைக்குப் பாதிக்கு இறங்கியிருக்கு. கரிக்குக் கால் முளைச்சிருக்கும் போல."

அத்தை தன் அடுப்பிடம் சொல்வாள்:

"சில பேரு கரியை நகை மாதிரி தினம் பாத்துப் பாத்து வைக்கிறாங்க. கழுத்துல போட்டுக்கிட்டா தொலையாது."

கரி மட்டுமில்லை. அத்தையின் நுவோக் மாம் ஜாடியில் மீன் சாறு குறைந்தது. மாமாவின் ரம் புட்டி குறைந்தது. அப்பாவின் சிகரெட் குறைந்தது. யார் எடுப்பது என்று இரண்டு பக்கத்துக்கும் சந்தேகமே இல்லை. பிடிக்கத்தான் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, பொதுவாகச் சொன்னார்:

"கொல்லைக்கு ஒரு நாய் இருந்தா நல்லது. யாரு வர்றாங்க, யாரு போறாங்கன்னு தெரியும்."

அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. "தெரியட்டும். தெரிய வேண்டியவங்களுக்கு நல்லாத் தெரியட்டும்."

அந்த வீட்டில் இரு பக்கமும் ஒத்துப்போன முதல் தீர்மானம் அது. அவரவர் மனத்தில் நாய் யாரைக் கடித்தது என்று எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது எனக்குக் கேட்டது நாய் என்ற சொல் மட்டும்தான். எனக்கு ஒன்பது வயது. எதிர்வீட்டு பிரெஞ்சு அதிகாரியின் பையனிடம் ஒரு நாய் இருந்தது. அது என்னைப் பார்த்துக் குரைக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று வேண்டும் என்று ஆசையாக இருக்கும். அவனைப் பார்த்துக் குரைப்பதற்கு.

அப்பா ஒரே நிபந்தனை போட்டார். நாயைத் தவிர வேறு எதையும் வாங்கக்கூடாது. வீட்டில் இருப்பதை வைத்தே வீட்டைத் தயார் செய்ய வேண்டும். பொறுப்பு என்னுடையது. "உன் நாய், உன் பாடு" என்றார்.

நானும் இறங்கினேன். மூலையில் இருந்த பிரெஞ்சுக்காரர் கடையில் கெஞ்சி, ஒயின் வந்த மரப்பெட்டி ஒன்றைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தேன். அதைப் பின்கதவுக்குப் பக்கத்தில் குப்புறக் கவிழ்த்து, ஒரு பக்கப் பலகையை எடுத்து வாசல் வைத்தேன். பெட்டிமேல் கறுப்பு எழுத்தில் ஒயினின் பெயர் இருந்தது. அப்பா அந்த எழுத்து சந்துப் பக்கம் பார்க்கும்படி பெட்டியைத் திருப்பி வைக்கச் சொன்னார். ஒருநாள்கூட அந்த ஒயினை எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை. சந்தில் போகிறவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லையே.

படுக்கைக்குப் பாய் வேண்டும். அம்மா கிழிந்த கோரைப்பாய் ஒன்றைக் கொடுத்தாள். உடனே அத்தை, தன் பக்கத்துக் கொல்லையில் அந்த வீட்டுப் பாய் கிடப்பதா என்று தானும் ஒரு கிழிந்த பாயைக் கொடுத்தாள். ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டேன். எங்களுடையது மேலே இருந்தது. மறுநாள் காலையில் பார்த்தால் அத்தையுடையது மேலே. சாயங்காலம் மறுபடி எங்களுடையது. நாய் வருவதற்கு முன்பே அந்தப் படுக்கைக்காக இவ்வளவு நடந்தது.

சோற்றுக்கு நீல விளிம்பு உதிர்ந்த எனாமல் தட்டு. கதவுக்கு அடியில் இருந்த இடைவெளியை உடைந்த ஓடுகளை அடுக்கி அடைத்தேன். நாய் நக்கிவிடக்கூடாது என்று நுவோக் மாம் ஜாடியை ஸ்டூல்மேல் ஏற்றினேன். கரிக்கூடைகளுக்கு மூடி தேடினேன். வால் வீசினால் விழக்கூடிய சாமான்கள் எவையெவை என்று என் கையையே வாலாக வைத்துக்கொண்டு கொல்லையெல்லாம் வீசி வீசிப் பார்த்தேன். அப்படி வீசும்போது அத்தை மகள் படியில் உட்கார்ந்து உப்புத் தொட்டுப் புளிச்சங்காய் தின்றுகொண்டிருந்தாள்.

"நாய் எப்ப வரும்?" என்றாள்.

"அடுத்த ஞாயிறு."

"அதான் ஏற்கெனவே வந்திருக்கே."

மாமாவும் தன் பங்குக்கு ஒரு சங்கிலி கொண்டுவந்தார். சிறையில் கழித்துப் போட்டது. நல்ல கனம். ஒவ்வொரு கண்ணியும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. "சும்மா கிடந்தது, எடுத்துட்டு வந்தேன்" என்று பெருமையாகத் தரையில் போட்டார். நான் எடுக்க ஓடினேன். அத்தை மகள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்:

"இது யாரு கால்ல இருந்துச்சுப்பா?"

மாமா அவளை அடிக்கக் கை ஓங்கினார். ஆனால் அடிக்கவில்லை. அந்தச் சங்கிலி அப்படியே தரையில் கிடந்தது. மறுநாள் அதைக் காணவில்லை. யாரும் தேடவும் இல்லை. கண்ணிகள் ஏன் அப்படித் தேய்ந்திருந்தன என்று எனக்கு உறைக்க இன்னும் பல வருஷம் ஆயிற்று. அவளுக்கு எட்டு வயதிலேயே உறைத்துவிட்டது. அந்த வித்தியாசம் எங்களுக்குள் இன்றுவரை சரியாகவில்லை.

சங்கிலி போனாலும் பட்டை இருந்தது. அப்பாவின் வயிறு பதவி உயர்வு பெற்றதில் சிறுத்துப்போன துவான் இடைவார் ஒன்று பெட்டிக்கடியில் கிடந்தது. அதை வெட்டித்தான் தைத்தேன். நாய்க்குப் பெயரும் வைத்தாயிற்று. மெதோர். பிரெஞ்சுக்கார வீடுகளில் நாய்க்கு அப்படித்தான் வைப்பார்கள் என்று அப்பா சொன்னார். "ராஜான்னு வச்சா போதாதா?" என்றது அலமாரிக்கு அந்தப் பக்கம். அப்பா முள்கரண்டியால் தட்டைக் கீறினார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் டிராமில் சீனாக்காரர்கள் பகுதியான சோலோன் போனோம். கையில் மூடிபோட்ட மூங்கில் கூடை. நாயைக் கூடையில் எதற்குக் கொண்டுவர வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கணக்கில் முதல் மாணவன் என்று சொன்னேன் அல்லவா. சந்தையில் காய்ந்த கணவாய், அன்னாசிப்பூ, சாக்கடை எல்லாம் ஒரே சுவாசத்தில் வந்தன. நாய்க்குட்டிகள் விற்பவன் பக்கம் நான் இழுத்தேன். அப்பா அதைத் தாண்டி நடந்து, பறவை விற்கும் ஒரு கிழவியின் முன்னால் போய் நின்றார்.

"அப்பா, நாய் அங்க இருக்கு."

"நேத்துதான் ஆபீஸ்ல கேட்டேன். நாய் வச்சா முனிசிபாலிட்டிக்கு வரி கட்டணும். வில்லை வாங்கிக் கழுத்துல மாட்டணும். மாட்டலைன்னா வண்டி கொண்டாந்து பிடிச்சிட்டுப் போயிடுவான்."

"சரிப்பா."

"வாத்துக்கு வரி இல்லை. செ லா லுவா."

"வாத்து குரைக்காதேப்பா."

"இது சாதா வாத்து இல்லைடா. சீனாக்காரன் வீட்டுக் காவலுக்கு இதைத்தான் வைப்பான். பாம்புகூடக் கிட்ட வராது. தவிடும் கீரைத் தண்டும் தின்னும். கறி கேக்காது. கேளு, இப்பக் கத்தும்."

கிழவி அதைக் கையால் ஒரு இடி இடித்தாள். வாத்துக்குப் பெரியப்பா மாதிரி இருந்தது. நெற்றியில் ஒரு புடைப்பு, கழுத்து முழங்கை நீளம், கண்ணில் நம்மைப் பற்றி ஏற்கெனவே யாரோ கோள் சொல்லிவிட்ட மாதிரி ஒரு பார்வை. அது வாயைத் திறந்தது. பக்கத்துக் கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே போட்டான். அப்பாவின் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மாமா அலறல் கேட்டுக் கையும் களவுமாக நிற்பதை அவர் அங்கேயே பார்த்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

திரும்பும்போது டிராமில் கூடை என் மடியில். மூடி இடுக்கு வழியாகக் கழுத்து வெளியே வந்தது. நான், "மெதோர்" என்று ஆசையாகக் கூப்பிட்டேன். அது என் காது மடலைக் கவ்வித் திருகியது. வடு இன்னும் இருக்கிறது. சின்ன வயது வீரத்துக்கு உங்களில் யாரிடமாவது இப்படி அத்தாட்சி உண்டா?

வீட்டுக்கு வந்து கொல்லையில் கூடையைத் திறந்ததும் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அத்தை அடுப்பிடம் சொன்னாள்: "நாய்க்குக் கழுத்து கொஞ்சம் நீண்டுபோச்சு."

மாமா சிரித்த சிரிப்பில் ரம் வாசனை வந்தது. "மச்சான், உங்க பிரெஞ்சுச் சட்டத்துல இதுக்குப் பேரு நாயா?"

"காவல்தான் முக்கியம்" என்றார் அப்பா. "யாரு சிரிக்கிறாங்க, யாரு அழுவுறாங்கன்னு இனிமே பாப்போம்."

அத்தை மகள் மட்டும் சிரிக்கவில்லை. வாத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பிறகு என் பெட்டி, என் பாய்கள், என் தட்டு, கையில் இருந்த பட்டை எல்லாவற்றையும் பார்த்தாள்.

"இதுக்குத் தண்ணி வேணும்டா. தண்ணிக்கு என்ன வச்சிருக்க?"

தண்ணீருக்கு நான் ஒன்றும் வைத்திருக்கவில்லை.

நான் தயாரித்தது எதையும் அது ஏற்கவில்லை. பெட்டிக்குள் போகவில்லை, பெட்டிமேல் ஏறி நின்று ஒயினின் பெயர்மேல் எச்சமிட்டது. பாய்களை, இரண்டு வீட்டுப் பாரபட்சமும் பார்க்காமல், கோரை கோரையாகப் பிய்த்துப் போட்டது. தட்டைக் கவிழ்த்தது. அடைத்து வைத்த ஓடுகளை உருவியது. பட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். நாய்க்குத் தைத்ததுதானே என்று நீங்கள் எனக்கு இரக்கப்படலாம். வேண்டாம். வாத்து வந்த பிறகும், நழுவுகிறதே என்று அளவைக் குறைத்து மறுபடி தைத்தவன் நான். அத்தை மகள்தான் என் அப்பாவின் வெள்ளைச் சட்டைகளை ஊறவைக்கும் தகரத் தொட்டியை இழுத்து வந்து தண்ணீர் ஊற்றினாள். அது ஏறி உட்கார்ந்தது. அம்மா தண்ணீர் ஜாடியிடம் நிறையப் பேசினாள்.

தினமும் விடிந்ததும் பின்கதவுக்கு ஒரு அன்னமிய, அதாவது அந்த நாட்டுக்கார, கீரைக்காரி வருவாள். வாய்க்காலில் படகைக் கட்டிவிட்டுத் தோளில் காவுத்தடியும் இரண்டு கூடையுமாக வருவாள். அவளிடம் நாங்கள் வாங்கும் கீரையின் தண்டு, அழுகின இலை எல்லாவற்றையும் அத்தை மகள் கேட்டு வாங்கி வாத்துக்குப் போடுவாள். அந்தப் பெண்ணும் வாத்தின் கழுத்தைத் தடவி ஏதோ சொல்லிச் சிரிப்பாள். அத்தை மகளையும் கீரைக்காரியையும் பார்த்தால் அது தொண்டைக்குள் முனகும். வேறு யாராவது கொல்லையில் கால் வைத்தால் போதும், இறக்கையை விரித்துக்கொண்டு அலறிப் பாயும். சொந்தக்காரனான என்மேல் இன்னும் கூடுதலாக. நான் முழங்காலுக்குக் கீழே வாழைமட்டையைக் கட்டிக்கொண்டு அதற்குச் சோறு வைக்கப் போவேன்.

அங்கெல்லாம் மதியம் ஊரே தூங்கும். ஆபீஸ் மூடும், கடை மூடும், ரிக்‌ஷாக்காரர்கள் வண்டிக்குள்ளேயே சுருண்டுகொள்வார்கள். கொல்லையில் சாமான் குறைந்தது எல்லாம் அந்த நேரத்தில்தான். வாத்து வந்த வாரம் ஒரு மதியம், அலறல். அப்பா பனியனோடு பாய்ந்து ஓடினார், மாமாவும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தார். இருவரும் போய்ப் பார்த்தால், அத்தையின் நுவோக் மாம் ஜாடிக்கு முன்னால் கையில் கிண்ணத்தோடு அம்மா. வாத்து அவள் புடவைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு விடவில்லை.

"மூடி திறந்து கிடந்துச்சு. மூடலாம்னு வந்தேன்" என்றாள் அம்மா. முதல்முறையாகப் பாத்திரத்தைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்துச் சொன்னாள்.

"கிண்ணத்தாலயா மூடுவாங்க?" என்றாள் அத்தை. அன்று சாயங்காலம் முழுக்க அவள் முகத்தில் ஒரு களை.

அந்தக் களை நிலைக்கவில்லை. அடுத்து அத்தை எங்கள் கரிக்கூடைக்குள் முழங்கைவரை கையோடு மாட்டினாள். பிறகு மாமா, அப்பாவின் சிகரெட்டோடு. மாமாவின் வாயில் ஒன்று, காதில் ஒன்று. பிறகு ஒருநாள் அலறல் கேட்டு எல்லாரும் ஓடினால், பிரெஞ்சுச் சட்டத்துக்கு மாறினவர், மாமாவின் ரம் புட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஒயின் பெட்டிமேல் ஏறி நிற்கிறார். கீழே மெதோர்.

"செ லா லுவா, மச்சான்" என்றார் மாமா.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நான்கு பேரில் யாரும் தன்னைத் திருடன் என்று நினைக்கவில்லை. அவன் எடுத்தான், நான் திருப்பி எடுக்கிறேன் என்றுதான் ஒவ்வொருவரும் எடுத்திருக்கிறார்கள். முதலில் எடுத்தது யார்? ஒருவரும் இல்லை என்பது என் கட்சி. அது மழைக்காலம். ஈரத்தில் அடுப்பு இரண்டு மடங்கு கரி தின்னும். அதைச் சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் அந்த அலமாரி அங்கே நின்றிருக்காது. அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் உண்மை தெரிந்த ஒரே ஆள் வாத்துதான். அதற்கும் கத்தத்தான் தெரியும்.

என்னையும் அது விடவில்லை. அத்தை ஒரு டப்பாப் பால் வைத்திருந்தாள், மேலே இரண்டு ஓட்டை போட்டு. நான் ஒரு மதியம் ஓட்டையில் வாய் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தபோது அலறல். நல்லவேளை, முதலில் ஓடி வந்தவள் அத்தை மகள். டப்பாவைப் பிடுங்கினாள், என்னைப் பார்த்தாள், தன் பாவாடையால் என் மோவாயைத் துடைத்துவிட்டாள். எல்லாரும் வந்தபோது, "காக்கா" என்றாள். எனக்கு அவள்மேல் வந்த நன்றி அடுத்த நிமிஷமே போயிற்று. "இதை ஞாபகம் வச்சிருப்பேன்" என்று என் காதில், அந்தக் கடிபட்ட காதில், சொன்னாள்.

ஆக, காவல் பிரமாதம். குறை என்னவென்றால் காவல் பிரமாதமாக இருந்ததுதான். ஒரு வெள்ளிக்கிழமை அப்பாவும் மாமாவும் அலமாரிக்கு ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். நான் பிறந்ததிலிருந்து பார்க்காத காட்சி.

"சத்தம் தாங்கல" என்றார் அப்பா.

"ஆமா மச்சான். டியூட்டி முடிச்சு வந்தா மனுஷன் தூங்க வேணாமா?"

"ஞாயித்துக்கிழமை ஒரு குழம்பு வச்சா ரெண்டு வீட்டுக்கும் ஆகும்."

உள்ளே அம்மா அத்தையிடம், நேராக அத்தையின் முகத்தைப் பார்த்து, "அண்ணி, வாத்துக்கு மிளகு தூக்கலா இருக்கணுமில்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை, "தேங்கா நான் அரைக்கிறேன், நீ மசாலாவைப் பாரு" என்றாள். கரி யார் கூடையிலிருந்து என்றுகூட யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டில் அவ்வளவு அன்பை நான் கண்டதில்லை. எல்லாம் ஒரு வாத்தின் கழுத்தில் கத்தி வைப்பதற்கு.

அப்பா என்னைக் கூப்பிட்டுத் தலையைத் தடவினார். "உன் வாத்து. உன்னைக் கேக்காம செய்ய மாட்டோம். இது போனா இடம் காலியாகும். நாய் ஒன்னு பாப்போம், என்ன சொல்ற?"

"வரி?"

"கட்டிட்டாப் போச்சு."

சரி என்றேன். உடனே போய்ப் பட்டையை எடுத்து, குறைத்துத் தைத்ததைப் பிரித்துப் பழைய அளவுக்கு மறுபடி தைக்க உட்கார்ந்தேன். அத்தை மகள் வந்து என் முன்னால் நின்றாள்.

"சரின்னு சொன்னியாமே?"

"நாய் வரும்."

"வராது."

"அப்பாவே சொல்லிட்டாங்க."

"வாத்து வாங்கப் போகும்போதும் உங்கப்பா நாய்னுதான் சொன்னாங்க."

பட்டையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போனாள். கொடுடி என்று கத்தினேன். "அது உயிரோட இருக்கிறவரைக்கும் இது அதோடது" என்றாள். கொல்லையில் அதன் கழுத்தில் மாட்டினாள். ஆச்சரியம், அது தலையைக் குனியவே இல்லை. மாட்டிக்கொண்டு நின்றது.

சனிக்கிழமை மதியம் இரண்டு பக்கமும் நிம்மதியாகத் தூங்கியது. ஒரு சத்தமும் இல்லை. மழைக்கு முந்தின புழுக்கம். ஓட்டின்மேல் முதல் துளி விழுந்து நான் விழித்துக்கொண்டேன். அதே நேரம் கொல்லையில் அம்மா, "வாத்து எங்கே?" என்றாள்.

தொட்டியில் தண்ணீர் நிறைந்திருந்தது. ஒயின் பெட்டி காலி. பின்கதவு தாழ்ப்பாள் திறந்திருந்தது, அதில் என் பட்டை மாட்டியிருந்தது.

சமாதானம் அந்த இடத்திலேயே முறிந்தது. மாமாதான் விற்றுவிட்டார் என்று அப்பாவும், அப்பாதான் ஆபீஸ் பெரியவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார் என்று மாமாவும் சொன்னார்கள். அம்மா ஜாடியிடம் திரும்பினாள். அத்தை அடுப்பிடம் திரும்பினாள். பிறகு அப்பா சிறைக் காவலரும் வியக்கும்படி ஒரு துப்புத் துலக்கினார்.

"எவன் தொட்டாலும் கத்துற வாத்து. இன்னைக்குக் கத்தல. அப்போ தூக்கினது அதோட சொந்தக்காரன்தான்." எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்னைக் கண்டாத்தான்பா அது ரொம்பக் கத்தும்."

"உன் வாத்து உன்கிட்ட எதுக்குடா கத்தும்?"

வாழைமட்டை கட்டியிருந்த காலைக் காட்டினேன். காதைக் காட்டினேன். பெரியவர்கள் நான்கு பேருக்கும் அப்பா சொன்ன காரணமே வசதியாக இருந்தது. மாமாகூட, "பையனுக்கு இளகின மனசு" என்றார். என் மனசைப் பற்றி அவ்வளவு தவறாக யாரும் நினைத்ததில்லை. அப்பா தாழ்ப்பாளிலிருந்து பட்டையை எடுத்தார். இரட்டைத் தையல், பித்தளை வளையம். என் கைவேலை எவ்வளவு உறுதி என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. துவான் இடைவார் தன் பழைய உத்தியோகத்துக்குத் திரும்பியது.

அவள் அலமாரியின் மூலையில் சாய்ந்து நின்று, முழு அடியையும் பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை, வாயைத் திறக்கவில்லை. அவள் பாவாடையின் அடி வாய்க்கால் சேற்றில் நனைந்திருந்தது. நான் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லாதது பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். டப்பாப் பால் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

மசாலா அரைத்தாகிவிட்டது, வீணாக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் குழம்பில் கத்திரிக்காயைப் போட்டார்கள். இரண்டு வீட்டிலும் தனித்தனியே உட்கார்ந்து, வாத்து இல்லாத வாத்துக் குழம்பைச் சாப்பிட்டோம். நல்ல குழம்பு. அப்பா முள்கரண்டியால் கத்திரிக்காயைக் குத்தினார், மாமா உறிஞ்சினார். மறு வாரம் கரி குறைந்தது. நாய் வரவில்லை. கேட்டேன். வரி இருக்கிறது என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ வந்து போய்விட்டன. யுத்தம் வந்தது, கப்பல் வந்தது, அந்த வீடே இல்லை. அப்பா, மாமா, அம்மா, அத்தை யாரும் இல்லை. பட்டையும் எந்தப் பெட்டியில் போயிற்றோ தெரியவில்லை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து ஒரு பேச்சில், வாத்து கீரைக்காரியின் படகில் போனதாகச் சொன்னாள். கீரைக் கட்டுகளுக்கு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து போயிற்றாம். வாய்க்கால் திரும்பும்வரை நின்று பார்த்தாளாம். அதற்குமேல் சொல்லவில்லை.

இதை எழுதி முடித்துவிட்டு இப்போதுதான் அடுத்த அறைக்குப் போனேன். எனக்கு நாய் கிடைக்காமல் போனது போகட்டும். அந்த அடி மட்டும் இத்தனை வருஷமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. கேட்டேவிடுவது என்று அவள் முன்னால் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு எங்கப்பா என்னை அந்தப் பட்டையால அடிக்கும்போது பாத்துக்கிட்டே நின்னியே. நான்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஏன் வாயைத் திறக்கல?"

அவள் அவரைக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அந்த வாத்தே அன்னைக்கு வாயைத் திறக்கல, நான் எதுக்குத் திறக்கணும்?"